குளோசிங் ஸ்டாக்

புள்ளிராஜாவை ஞாபகம் இருக்கிறதா? 2003-ல், ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று தமிழ்நாடு முழுக்கக் கேட்டார்களே, அவரேதான். டீக்கடை, பஸ், காலேஜ் வாசல் என எங்கே போனாலும் அவர் பேச்சுதான்.

நான் பி.காம். படித்தவன். விளம்பரத்தைப் பார்த்தால், ‘செலவு பண்ணியாச்சு, வரவு என்ன?’ என்றுதான் கேட்கத் தோன்றும். எத்தனை பேனர், எத்தனை லட்சம் ஆணுறை என்பதெல்லாம் செலவுக் கணக்கு. கொடுத்த ஆணுறை பீரோவிலேயே தூங்கினால்? படுக்கையறைக்குள் போய் ஆடிட் பண்ண முடியாதே!

அதற்கு ஒரு வழி இருந்தது. செக்கப்புக்கு வரும் கர்ப்பிணிகளிடம் வேறு டெஸ்ட்டுக்காக எடுத்த ரத்தத்தில் மிச்சமிருப்பதை, பெயரை நீக்கிவிட்டு, ஹெச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஊர் நிலவரம் தெரிந்துவிடும். ஆனால், பெயர் இல்லாததால் அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்ல முடியாது. உறுத்தலான கணக்குதான்.

சரி, இந்த எண் குறைந்தால் ஜெயித்துவிட்டோமா? அவசரப்படாதீர்கள். குளோசிங் ஸ்டாக் குறைய இரண்டு காரணம் உண்டு. புது வரவு குறைந்திருக்கலாம். அல்லது இருந்தது வெளியே போயிருக்கலாம். இங்கே வெளியே போவது என்றால் மரணம். ஆட்கள் செத்தாலும் எண் அழகாகக் குறையும்! 2004-ல் அரசு ஏ.ஆர்.டி. மாத்திரையை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. சாக வேண்டியவர்கள் பிழைத்தார்கள். அதனால் எண் ஏறினால், அது தோல்வியா என்ன?

ஆகவே, 15 முதல் 24 வயதுப் பெண்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். அந்த வயதில் தொற்று இருந்தால், பெரும்பாலும் அது புது வரவு. 2006-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு அதைத்தான் செய்தது. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிராவில், அந்த வயதுக் கர்ப்பிணிகளில் 2000-ல் 1.7 சதவிகிதமாக இருந்த தொற்று, 2004-ல் 1.1 ஆகியிருந்தது. பாலியல் தொழிலாளர்களிடம் போன ஆண்கள் ஆணுறையை அதிகம் பயன்படுத்தியதால் மனைவிமார் தப்பித்திருக்க வேண்டும் என்றார்கள் ஆய்வாளர்கள். இதில் புள்ளிராஜாவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆயிரம் பெண்களில் 17 பேர், 11 பேர் ஆனார்கள். தப்பித்த அந்த ஆறு பேர் யார்? அவர்களுக்கே தெரியாது. உங்கள் பக்கத்து வீட்டிலேயே ஒருத்தி, பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டுத் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கலாம்.