பிளாசிக்கு முன்னாடியே ஒரு கோட்டை!

"பிளாசி யுத்தம் எந்த வருஷம்?" தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் 1757-னு சொல்லிடுவோம். சரி, அதுக்கு எட்டு வருஷம் முன்னாடி நம்ம கொள்ளிடக் கரையில என்ன நடந்துச்சு? திருதிருன்னு முழிக்கிறீங்களா? நானும் அப்படி முழிச்சவன்தான். அதான் ஒரு ஞாயித்துக்கிழமை நண்பனோட பைக்ல தொத்திக்கிட்டேன்.

சிதம்பரத்துலேர்ந்து கொள்ளிடம் பாலம் தாண்டி, கிழக்கே பழையாறு ரோடு. பச்சை வயல் முடிஞ்சு, காத்துல உப்பு வாசம் வர ஆரம்பிச்சது. "தேவிக்கோட்டைக்கு எப்படிங்க போகணும்?"னு ஒரு பெரியவர்கிட்ட கேட்டோம். "தீவுக்கோட்டைன்னு கேளு தம்பி"ன்னு சிரிச்சார். முகத்துவாரத்துத் தண்ணிக்கு நடுவுல இருந்ததால அந்தப் பேர். இங்லீஷ்காரன் வாயில அதுதான் 'தேவிக்கோட்டை' ஆயிடுச்சு. 17-ம் நூற்றாண்டுத் தொடக்கத்துல இங்கே சோழகன்னு ஒரு தலைவன் இருந்தான். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் படையோட வந்துதான் அவனை அடக்க முடிஞ்சது.

இப்ப 1749-க்கு வாங்க. தஞ்சாவூர்ல பிரதாப் சிங் ராஜா. பதவி இழந்த ஷாஜி, "என்னை மறுபடி உட்கார வைங்க, தேவிக்கோட்டையைத் தர்றேன்"னு கம்பெனியை அணுகினார். கம்பெனிக்குக் கசக்குமா? மணல்திட்டு மட்டும் இல்லேன்னா பெரிய கப்பலே உள்ளே வரும்னு இந்த முகத்துவாரத்து மேல அவங்களுக்கு ஒரு கண்ணு. முதல் படையெடுப்பு ஊத்திக்கிச்சு. அந்த ஏப்ரல் புயல்ல 'நாமூர்'ங்கிற போர்க்கப்பலே மூழ்கிடுச்சு. அடுத்து ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் கடல் வழியா வந்து கோட்டையைப் பிடிச்சார். அதுல முன்வரிசையில ஓடி, மயிரிழையில உயிர் தப்பின லெப்டினன்ட் யார் தெரியுமா? நம்ம சரித்திரப் புத்தகத்து ராபர்ட் கிளைவேதான்!

அப்புறம் நடந்ததுதான் ஹைலைட். கம்பெனி பிரதாப் சிங்கோடயே சமாதானம் ஆயிடுச்சு. கோட்டையும், வருஷத்துக்கு 9,000 வராகன் வருமானம் வர்ற நிலமும் கம்பெனிக்கு. யாருக்காக வந்தாங்களோ அந்த ஷாஜிக்கு? வருஷம் 4,000 ரூபாய் பென்ஷன். அவ்வளவுதான்!

அப்போ சென்னை பிரெஞ்சுக்காரங்க கையில. அதனால இந்த ஊருக்கும் உத்தரவு கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையிலேர்ந்துதான். 1758-ல அந்தக் கோட்டை விழுந்ததும், இதையும் காலி பண்ணிட்டு ஓடினாங்க. பிரெஞ்சுக்காரங்க புகுந்தாங்க. பிறகு மறுபடியும் கம்பெனி கைக்கு வந்தது. 1799-ல இரண்டாம் சரபோஜி போட்ட ஒப்பந்தத்தால தஞ்சாவூர் சீமை நிர்வாகமே கம்பெனிக்குப் போச்சு. அதுக்கப்புறம் இந்தக் குட்டிக் கோட்டையை யார் மதிப்பாங்க? கலெக்டர் நாகப்பட்டினத்துல உட்கார்ந்தார். 1845-ல டேனிஷ்காரங்ககிட்டேர்ந்து தரங்கம்பாடியை வாங்கினதும் அங்கே போனார். தீவுக்கோட்டை ஒரு கிராமத்துப் பேரா சுருங்கிடுச்சு.

கோட்டைன்னு காட்ட இன்னிக்குப் பெருசா எதுவும் மிஞ்சலை. ஆனா கரையில நின்னப்போ ஒரு கேள்வி குடைஞ்சுக்கிட்டே இருந்தது. அந்த 9,000 வராகன் எங்கேர்ந்து வந்தது? இதே வயல்ல சேத்துல கால் வெச்சவங்க விளைவிச்ச நெல்லுலேர்ந்துதானே? ரெண்டு ராஜா, ஒரு கம்பெனி பேசி முடிச்ச டீல்ல, அவங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கலையே!

அடுத்த தடவை கொள்ளிடம் பாலத்துல பஸ் போகும்போது, செல்போனை ஓரம் வெச்சிட்டுக் கிழக்கே ஒரு தடவை பாருங்க மக்களே. தஞ்சாவூர் சீமையில கம்பெனி முதல்ல கால் ஊன்றின மண்ணு, அந்தப் பக்கம்தான் இருக்கு!