முரசும் ஓடையும்

ஆடி பிறப்பதற்கு முன்பே தள்ளுபடி அறிவிப்புகள் சென்னைப் புறநகரான அஸ்தினாபுரத்துத் தெருக்களுக்குள் நுழைந்துவிடுகின்றன; குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலைத் துணிக்கடைகளின் செய்தி நாளிதழ் மடிப்பில் துண்டறிக்கையாகவும், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவாகவும், கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும் வந்து, கேட்க விரும்பாதவர் செவியிலும் விழுந்தே தீர்கிறது.

இம்முறை பழமையானது. மணிமேகலையின் முதற்காதையாகிய விழாவறை காதையில், வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, முதுகுடியிற் பிறந்த ஒருவன் புகார் நகரத்தார்க்கு 28 நாள் இந்திர விழாவை அறிவிக்கிறான். ஊரை வாழ்த்தி, மாதம் மும்மாரி பொழியவும் மன்னன் செங்கோல் வழுவாதிருக்கவும் வேண்டிய பின்னரே அவன் செய்திக்கு வருகிறான்: பூரணகும்பமும் பாவை விளக்கும் வைக்க வேண்டும், வாழையும் கரும்பும் நட வேண்டும், தெருக்களில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்ப வேண்டும், சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிட வேண்டும், பகைவரைக் கண்டாலும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்ல வேண்டும். பழைய மணலைக்கூட மறவாத அவ்வறிவிப்போடு ஒப்பிட்டால், நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்பதைப் பொடியெழுத்தில் ஒளிக்கும் இன்றைய துண்டறிக்கை நாணத்தக்கதே. ஆயினும் இரண்டிலும் அறிவிப்பவரே தேடி வருகிறார். கேட்பவர்க்கு விலக வழியில்லை.

செய்தியோடை இத்திசையைத் திருப்பியது. ஓர் இணையதளம் தன் புதிய பதிவுகளின் தலைப்பு, சுட்டி, சுருக்கம், நேரம் ஆகியவற்றைக் கணினி படிக்கத்தக்க சிறு கோப்பில் எழுதி வைத்துவிட்டுப் பேசாதிருக்கும். ஓடைத்திரட்டி எனப்படும் மென்பொருள், வாசகர் குறித்துத் தந்த தளங்களுக்கு அவ்வப்போது சென்று, புதியது உண்டா என்று பார்த்து வரும். மின்னஞ்சல் முகவரியோ கைப்பேசி எண்ணோ தளத்திற்குத் தர வேண்டியதில்லை. சலித்துப்போனால் திரட்டியிலிருந்து ஒரு வரியை நீக்கினால் போதும்.

ஆர்.எஸ்.எஸ். எனும் இக்கோப்பு வடிவம் 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. அதை வகுத்தவருள் ஒருவரான ஆர்.வி. குஹா, அஸ்தினாபுரத்திற்குச் சற்று வடக்கே உள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். தமிழில் இதன் பயனை முழுமையாகக் காட்டியது, 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம். வெவ்வேறு நாடுகளிலிருந்து எழுதிய தமிழ் வலைப்பதிவர்களின் ஓடைகளை அது ஒரே பக்கத்தில் திரட்டித் தந்ததால், முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் அன்றாடம் படித்துச் சண்டையும் இட்டனர். 2013 ஜூலை 1இல் கூகுள் தன் ஓடைத்திரட்டியை மூடியபோது பலர் இவ்வழக்கத்தையே கைவிட்டனர். வந்து, எடுத்துக்கொண்டு, தடயமின்றிப் போகும் வாசகரை வணிகம் விரும்பாதது வியப்பன்று.

ஆயினும் ஓடைகள் வற்றவில்லை. கூகுள் செய்திகளில் தாம்பரம் எனத் தேடிய முடிவையே ஓடையாகப் பெறலாம். தள்ளுபடித் தளங்களின் ஓடையில் மிக்ஸி என்ற சொல் உள்ள பதிவுகளை மட்டும் வடித்தெடுக்கும் திரட்டிகளும் உண்டு. குறையும் உண்டு: மணிக்கொருமுறை சென்று பார்க்கும் திரட்டி, சில நிமிடங்களில் விற்றுத் தீரும் பொருளைத் தீர்ந்த பின்னரே அறிவிக்கும். கைநழுவியவற்றுள் எத்தனை உண்மையில் வேண்டியவை என்பதையும் பார்க்க வேண்டியிருப்பதால், இத்தாமதத்தை நட்டத்தில் எழுதுவதா வரவில் எழுதுவதா என்பதைக் குடும்பக் கணக்கு எழுதுவோரிடம் விட்டுவிடுவதே முறை.