மணலுக்குள் ஒரு குச்சி

எங்கள் அங்கன்வாடி வாசலில், வேப்பமர நிழலில் கொஞ்சம் மணல் கொட்டிவைத்திருக்கிறோம். தெருவில் யாரோ வீடு கட்டி மிஞ்சியது. காலையில் வந்ததும் ஆயாம்மா முதல் வேலையாக அதில் கல், முள் பார்த்துவிட்டு லேசாகத் தண்ணீர் தெளிப்பார். பத்து மணிக்கு மேல் அங்கே கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் நடக்கும்.

இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். நடுவில் ஒரு முழ நீளத்துக்கு மணல் கரை. ஒருத்தி சின்னக் குச்சியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, கரை நெடுக மணலுக்குள் கையை ஓட்டுவாள். எங்கோ ஓரிடத்தில் குச்சியை விட்டுவிடுவாள். எதிரில் இருப்பவள் இரண்டு கைகளையும் கோத்து, குச்சி இருக்கும் என்று நினைக்கிற இடத்தை மூட வேண்டும்.

மூன்று வயதுக் குழந்தைக்கு இது வராது. ஒளித்த சூட்டோடு “டீச்சர், இங்கதான் வச்சிருக்கேன்!” என்று தானே தோண்டிக் காட்டிவிடும். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்கிற வயது அது. நான்கு வயதை ஒட்டித்தான் ‘எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது’ என்பது பிடிபடத் தொடங்குகிறது. எனக்கு விளையாட்டாக இருப்பது அவனுக்கு வலியாக இருக்கலாம் என்பதும் அதையொட்டியே தெளிவாகிறது. அதனால்தான் எத்தனை புது பொம்மைகள் வந்தாலும் இந்த மணலை நான் விடுவதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சண்டை என்றால் ஓடிப்போய்ப் பொருளைப் பிடுங்குவேன். “ரெண்டு பேருக்கும் கிடையாது!” இல்லாவிட்டால் “சாரி சொல்லு” என்பேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்துச் சாரி சொல்லும். அடிபட்டவன் முகத்தைப் பார்க்காது. அது எனக்குச் சொன்ன சாரி என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

இப்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். போன வருடம் ஒரு டிப்பர் லாரிக்கு இரண்டு பையன்கள் மல்லுக்கு நின்றார்கள். “அவன் இன்னும் ஓட்டி முடிக்கல சாமி. முடிச்சதும் உனக்குத்தான். அதுவரைக்கும் என்கிட்ட உக்காரு” என்றேன். சின்னவன் தேம்பித் தேம்பி அழுதான். அழாதே என்று சொல்லவில்லை, முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அழுகை அடங்கியதும் ஒரு கொட்டாங்குச்சியை அவன் பக்கம் நகர்த்திவைத்தேன், அவ்வளவுதான். மணலை அள்ளிக்கொண்டு போய் லாரியில் கொட்டினான். ஓட்டுகிறவன் ஒரு கணம் முறைத்தான். பிறகு “இன்னொரு லோடு போடு” என்றான். சத்துணவு நேரம் வரை அந்த லாரிக்கு டிரைவரும் லோடுமேனும் இருந்தார்கள்.

எல்லாப் பிள்ளையும் உடனே சேர்ந்துவிடாது. சேராவிட்டாலும் குறையில்லை. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-லேயே, சிறுபிள்ளைகள் தனியாக விளையாடுவதையும், ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதையும், பக்கத்தில் பக்கத்தில் இருந்தபடி தனித்தனியே விளையாடுவதையும், கடைசியில் கூடி விளையாடுவதையும் வகை பிரித்து எழுதினார். “எம்புள்ள யாரோடயும் சேரமாட்டேங்கிறா டீச்சர்” என்று கலங்கும் அம்மாக்களிடம், வேடிக்கை பார்க்கிற பிள்ளையின் கண்ணைக் கவனிக்கச் சொல்வேன். அந்தக் கண் விளையாட்டுக்குள்தான் இருக்கும்.

அப்படி ஒருத்தி ஜூனில் வந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் நின்றாள். நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை. மணல் பக்கம் ஒரு பாயை மட்டும் போட்டுவைத்தேன். ஒருநாள் பாய்க்கு வந்தாள், பிறகு மணலுக்கு. குச்சியை ஒளித்த மறுநொடி அவளே காட்டிக்கொடுத்துவிடுவாள், தோழிகள் கோபித்துக்கொள்வார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம் மறுபடி அவள் முறை. கையை ஓட்டினாள், எடுத்தாள். எதிரில் இருந்தவள் கைகளைக் கோத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். இவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கன்னம் துடித்தது. சொல்லவில்லை. எதிராளி தப்பான இடத்தை மூடியதும், என் பக்கம் திரும்பி, குச்சி இருந்த இடத்தைக் கண்ணால் மட்டும் காட்டினாள்.