தோற்ற வாக்கு

தேர்தலில் வென்றவருக்கு மாலை சூட்ட ஆயிரம் கைகள் நீளும். தோற்ற வேட்பாளருக்கும் ஆறுதல் கூற நான்கு பேர் வருவர். ஆனால், தோற்றவருக்கு வாக்களித்துவிட்டு வீடு திரும்பிய எளிய குடிமகனின் உள்ளத்தை விசாரிப்பார் யார்?

2021 மே 2 அன்று, இராயபுரத்தில் ஐந்து முறை வென்றிருந்த திரு. ஜெயக்குமார் தோல்வியுற்ற செய்தி வந்தது. நம் தெரு இளைஞர் ஒருவர் பகலுணவும் கொள்ளாமல் நம் திண்ணையில் வந்து அமர்ந்தார். "இனிமே என்ன இருக்குது, பாய்?" என்றார். அவர் முகத்தில், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய நம் வாப்பாவின் முகத்தைக் கண்டோம்.

வாப்பா பழமையைப் போற்றியவர். கல்மண்டபத்தருகே கயிறும் இரும்புச் சாமான்களும் விற்கும் சிறு கடை அவருடையது. கடன் படாதே, அளவோடு செலவிடு, மூத்தோர் சொல்லை மதி என்பன அவர் நமக்கு வகுத்த நெறிகள். ஆள்வோரிடமும் அவற்றையே எதிர்பார்த்தார். 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்தவர் என்பதனால் மூதறிஞர் ராஜாஜியிடம் அவருக்குத் தனி மதிப்பு. கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத்திடமோ பேரன்பு. 1967-இல் சுதந்திராக் கட்சியும் முஸ்லிம் லீகும் தி.மு.கழகத்தோடு ஓரணியில் நின்றன. ஒரே வாக்கினால் இரு பெரியோரையும் கண்ணியப்படுத்திவிட்டதாக வாப்பா மகிழ்ந்தார்.

1971 மார்ச்சில் அவ்வணி உடைந்தது. ராஜாஜி, பெருந்தலைவர் காமராசரோடு சேர்ந்தார். காயிதே மில்லத் கலைஞரோடு நின்றார். நம் இல்லமும் இரண்டாயிற்று. காக்கா லீகின் சொல்லை ஏற்று உதயசூரியனுக்கு வாக்களித்தார். வாப்பா மறுபக்கம் நின்றார். அப்போது வாக்குரிமை வயது 21. அதை எட்டியிருந்த நாம், நமது முதல் வாக்கை வாப்பாவின் வழியிலேயே அளித்தோம்.

முடிவு வந்தது. 234 இடங்களில் தி.மு.கழகம் 184, காமராசரின் காங்கிரசு 15, சுதந்திரா 6. வாப்பா வானொலியை நிறுத்தினார். "பெரியவங்க வேணாமாம் ஜனங்களுக்கு" என்றார். அன்றிலிருந்து காக்காவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். உம்மா இருவருக்கும் வெவ்வேறு வேளையில் சோறு பரிமாறினார்கள்.

உண்மையை மறைப்பானேன்? மக்கள் ஏமாந்துவிட்டனர் என்று நாமும் முடிவு கட்டினோம். கடைக்கு நாள்தோறும் வந்த மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் ஏன் அவ்வாறு வாக்களித்தனர் என்று ஒருவரிடமேனும் கேட்டோமில்லை.

அரசின் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, 1971 ஆகஸ்டு 30 முதல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. தொண்ணூறைக் கடந்த ராஜாஜி, முதல்வரின் இல்லத்துக்கே சென்று வேண்டியும் பயனில்லை. மறுவாரம், துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் அண்டை வீட்டாரின் மனைவி உம்மாவிடம் வந்து அழுதார். கூலிப் பணம் சாராயக் கடையோடு தீர்ந்துவிட்டதாம். காக்கா தலைகுனிந்து நின்றார். வாப்பா ஏதேனும் குத்திச் சொல்வார் என்று அஞ்சினோம். அவரோ, ஆறு மாதத்துக்குப் பின், "அடுத்த கூலி நாளன்று துறைமுக வாசலுக்கு நீ போறியா, நான் போகட்டுமா?" என்று காக்காவிடம் கேட்டார்.

அது முதல் கூலி நாள்தோறும் இருவரில் ஒருவர் சென்று, அந்த நண்பரோடு பேசியபடியே அவரை வீடுவரை அழைத்து வந்தனர். சில வாரம் பலித்தது. சில வாரம் அவர் வேறு வாசல் வழியே போய்விட்டார். ஆயினும் நம் இல்லத்தில் உணவு வேளை மீண்டும் ஒன்றாயிற்று.

1973-இல் கள்ளுக்கடைகளையும் 1974-இல் சாராயக் கடைகளையும் அதே அரசு மூடியது. "உன் கட்சி செஞ்சது சரிதான்" என்று வாப்பா காக்காவிடம் ஒப்புக்கொண்டார். பின்னர் 1981-இல் வேறோர் ஆட்சியில் அவை திறந்தன. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றது. ஆட்சிகள் மாறின, வாப்பா அஞ்சிய கடை நிலைத்தது. எந்த ஒரு வெற்றியும் அவர் விழைந்ததை முழுமையாகத் தரவில்லை. துறைமுக வாசலுக்கு நடந்து சென்ற அந்த மாலைகளே அவர் தம் கையால் காத்தவை.

அன்பர்களே, தோல்வியில் வருந்துவது குற்றமன்று. வாக்களித்ததோடு கடமை தீர்ந்ததென்று கதவைச் சாத்திக்கொள்வதே குற்றம்.

திண்ணையில் இருந்த இளைஞரிடம், எதனை விரும்பி வாக்களித்தார் என்று கேட்டோம். நெடுநேரம் பேசினார். எதிரணிக்கு வாக்களித்த தம் அண்ணனிடம் இவற்றைச் சொன்னதுண்டா என வினவினோம். இல்லையென்றார். நம்மோடு அமர்ந்து சோறு உண்ணச் செய்து, அண்ணனிடமே அனுப்பிவைத்தோம்.