துவாலு: ஒன்பது தீவுகளின் தன்னாட்சி

பசிபிக் பெருங்கடலில், ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஏறத்தாழ நடுவழியில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 5 பாகைக்கும் 11 பாகைக்கும் இடையே, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சுமார் 600 கிலோமீட்டர் தொலைவுக்குப் பரந்து கிடக்கும் ஒன்பது சிறு தீவுகளால் ஆனது துவாலு என்னும் நாடு. இத்தீவுகளின் நிலப்பரப்பு முழுவதையும் கூட்டினாலும் 26 சதுர கிலோமீட்டர்தான் வரும். அந்நாட்டுக்கு உரிமையுள்ள கடற்பரப்போ ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. மக்கள்தொகை 11,000 அளவில் உள்ளது. கடல் விழுங்கப்போகும் நாடு என்ற ஒரே செய்தியாகத்தான் துவாலுவின் பெயர் உலக நாளேடுகளில் அடிபடுகிறது. அந்த அச்சம் பொய்யன்று. ஆயினும், இவ்வளவு சிறிய நிலத்தில் வாழும் மக்கள் எவ்வாறு தங்களைத் தாங்களே ஆண்டு வருகிறார்கள் என்பதை அறியாதவர்களுக்கு, அவர்கள் இழக்கப்போவது எது என்பதும் விளங்காது.

வடக்கே நானுமேயா, நானுமாங்கா, நியுடாவோ. நடுவே நூயி, வைட்டுப்பு, நுகுஃபேட்டாவு. தெற்கே ஃபுனாஃபுட்டி, நுகுலாயேலாயே, நியுலாகிட்டா. இவற்றுள் கடைசியாகக் குறிப்பிட்ட நியுலாகிட்டாவில் நிலையான குடியிருப்பு இல்லாதிருந்து, 1949-ல் நியுடாவோ மக்கள் அங்கே குடியேறினர். துவாலு என்ற பெயர் ‘சேர்ந்து நிற்கும் எட்டு’ என்று பொருள்படுவது அதற்கு முந்திய நிலையைக் காட்டுகிறது. தீவுகளிற் பெரும்பாலானவை வளையத்தீவுகள். அதாவது, நடுவில் ஆழம் குறைந்த காயலும் அதைச் சுற்றி வளையமாகப் பவளப்பாறையும், அப்பாறையின் மேல் மணலும் பவளச் சரளையும் குவிந்து உண்டான ஒடுங்கிய நிலத்துண்டுகளும் கொண்டவை. நானுமாங்காவும் நியுடாவோவும் நியுலாகிட்டாவும் திறந்த காயல் இல்லாத தனித் திட்டுகள். எத்தீவிலும் நிலம் கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கு மேல் உயர்வதில்லை. மலையோ ஆறோ எங்கும் கிடையாது.

கடலடியில் மெல்ல அமிழ்ந்துகொண்டே போகும் எரிமலைகளின் விளிம்பில் பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வருவதால்தான் இத்தகைய வளையங்கள் உருவாகின்றன என்று சார்லஸ் டார்வின் 1842-ல் எழுதினார். அக்கருத்தைச் சோதிப்பதற்காக லண்டன் ராயல் கழகம் 1896 முதல் 1898 வரை மூன்று முறை ஆய்வுக்குழுக்களை ஃபுனாஃபுட்டிக்கு அனுப்பியது. சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்ஜ்வர்த் டேவிட் 1897-ல் முன்னின்று நடத்திய துளையீடு அடுத்த ஆண்டில் 1,114 அடி ஆழத்தை எட்டியபோதும், ஆழமற்ற நீரில் வாழும் உயிர்களின் எச்சங்களால் ஆன சுண்ணாம்புப் பாறையே தொடர்ந்து வந்தது. இது டார்வினின் கருத்துக்கு வலுச் சேர்த்தது.

பவளச் சரளையில் மழைநீர் தங்காமல் கீழே இறங்கிவிடுகிறது. எனினும் நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது ஆகையால், தீவின் அடியில் கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலம் மிதந்து நிற்கும்; நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பதால் இதை நிலவியலார் நன்னீர் வில்லை என்பர். துவாலுவின் வேளாண்மை இந்தப் படலத்தை நம்பியே வளர்ந்தது. புலாக்கா எனப்படும் பெரிய சதுப்புச் சேம்பைப் பயிரிடுவதற்காக, முன்னோர்கள் பாறையை உடைத்துப் பல மீட்டர் ஆழத்துக்குக் குழிகள் தோண்டி, நன்னீர் ஊறும் மட்டத்தை எட்டினர். ஒவ்வொரு செடியைச் சுற்றியும் தாழை ஓலையால் முடைந்த அடிப்பாகமில்லாத கூடையை நட்டு, அதனுள் இலைதழைகளை இட்டு மட்கவைத்து, கிழங்கு முற்றும்வரை ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் எருவிட்டுக் காப்பார்கள். எந்த இலையை எவ்வளவு இடுவது என்பதைக் குடும்பங்கள் பிறர் அறியாமல் காத்து வந்ததும் உண்டு. மண்ணே இல்லாத இடத்தில் மண்ணை உண்டாக்கிய இந்த உழைப்பு, உலக வேளாண்மை வரலாற்றில் தனிப் பக்கம் பெறத் தகுந்தது. இவற்றோடு தேங்காயும் தாழம்பழமும் ஈரப்பலாவும் மீனும் சேர்ந்ததே மரபான உணவு. தென்னம்பாளையைக் காலையும் மாலையும் சீவி இறக்கும் இனிய பதநீரை அப்படியே பருகுவதும், காய்ச்சிப் பாகாக்குவதும், புளிக்கவிட்டுக் கள்ளாக்குவதும் அங்கும் வழக்கம். குடிநீருக்கு இன்று கூரைநீரைச் சேர்க்கும் தொட்டிகளே முதன்மை ஆதாரம். 2011-ல் மழை பொய்த்தபோது அரசு நெருக்கடி நிலையை அறிவித்து, நீரை அளந்து வழங்க வேண்டியதாயிற்று.

துவாலு மக்களிற் பெரும்பாலோர் பொலினீசிய இனத்தவர். சமோவா, டோங்கா முதலிய இடங்களிலிருந்து வந்தவர்களாகத் தங்கள் முன்னோரைக் கதைகளில் நினைவுகூர்கின்றனர். துவாலு மொழி டோக்கெலாவு மொழிக்கு நெருக்கமானது; நூயித் தீவில் மட்டும் வடக்கேயுள்ள கிரிபாத்தி மொழியின் சாயல் மிகுந்த பேச்சு வழங்குகிறது. கிறித்தவம் 1861-ல் தற்செயலாகவே வந்தது: குக் தீவுகளின் மானிஹிக்கியிலிருந்து கடலில் திசைதப்பி அலைந்த எலெக்கானா என்ற திருச்சபைப் பணியாளரின் படகு நுகுலாயேலாயேவில் ஒதுங்கியது, அவர் அங்கே போதிக்கத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில், இந்தப் புதிய ஆர்வத்தைப் பயன்படுத்தி, வேத போதனை கிடைக்கும் என்று ஆசை காட்டிய பெரு நாட்டு ஆள்பிடிக் கப்பல்கள் ஃபுனாஃபுட்டியிலிருந்தும் நுகுலாயேலாயேவிலிருந்தும் சில நூறு பேரை ஏற்றிச் சென்றன. நுகுலாயேலாயே தன் மக்களில் பெரும்பான்மையோரை அவ்வாறு இழந்தது. அந்தச் சின்னஞ்சிறு சமூகம் அதற்குப் பின்னும் அழியாமல் மீண்டெழுந்தது பெரிய செய்தி. லண்டன் மிஷனரிச் சங்கம் 1865 முதல் அனுப்பிய சமோவா போதகர்கள் வழியே வளர்ந்த திருச்சபையைச் சேர்ந்தவர்களே இன்று மக்களில் மிகப் பெரும்பாலோர்.

பிரிட்டன் 1892-ல் இத்தீவுகளைத் தன் காப்பாட்சியின் கீழ்க் கொண்டுவந்தது. 1916-ல் கில்பர்ட் தீவுகளோடு இணைத்து ஒரே குடியேற்ற நாடாக்கியது. 1819-ல் அவ்வழி வந்த கப்பல் தலைவர் டி பெய்ஸ்டர், தன் சரக்குக்கு உரியவரான எட்வர்ட் எல்லிஸ் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரை ஃபுனாஃபுட்டிக்குச் சூட்டியிருந்தார். அதுவே ஒன்பது தீவுகளுக்கும் பரவி, அவை எல்லிஸ் தீவுகள் எனப்பட்டன. கில்பர்ட் மக்கள் மைக்ரோனீசியர், எண்ணிக்கையில் பன்மடங்கு மிகுந்தவர். அரசுப் பணிகளில் எல்லிஸ் மக்கள் தங்கள் எண்ணிக்கைக்கு மேலான இடம் பெற்றிருந்தது கில்பர்ட் மக்களுக்கு மனக்குறையாயிற்று. தன்னாட்சி நெருங்க நெருங்க, பெரும்பான்மையின் கீழ்த் தங்கள் மொழியும் வழக்கமும் என்னாகுமோ என்ற கவலை எல்லிஸ் மக்களிடம் வளர்ந்தது. பிரிவினை கேட்டவர்களுக்குப் பிரிட்டன் விதித்த நிபந்தனை கடுமையானது: ஓஷன் தீவின் பாஸ்பேட் வருவாயில் பங்கு இல்லை, குடியேற்ற நாட்டின் பிற சொத்துகளிலும் உரிமை இல்லை, கொடுக்கப்படுவது ஒரு கப்பல் மட்டுமே. இதைத் தெரிந்துகொண்டே, 1974-ல் ஐக்கிய நாடுகள் சபையின் பார்வையாளர் முன்னிலையில் நடந்த பொது வாக்கெடுப்பில் 3,799 பேர் பிரிவினையை ஆதரித்தும் 293 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். வருவாயைவிடத் தன்னாட்சியை மேலாகக் கருதிய அந்தத் தீர்ப்பை உணர்ச்சிவசப்பட்ட முடிவென்று ஒதுக்குவது பிழை; பின்னாளில் இந்நாடு எடுத்த முடிவுகள் பலவற்றுக்கும் அதுவே அடித்தளம். 1976-ன் தொடக்கத்தில் நிர்வாகப் பிரிவு நிறைவுற்றது. 1978 அக்டோபர் 1 அன்று துவாலு விடுதலை பெற்றது. டோவாரிப்பி லாவுட்டி முதற் பிரதமரானார்.

பிரிட்டிஷ் அரசரே இன்றும் நாட்டின் தலைவர். அவர் சார்பில் துவாலுக் குடிமகன் ஒருவர் தலைமை ஆளுநராக இருக்கிறார். குடியரசாக மாறலாமா என்று 1986-லும் 2008-லும் மக்களிடம் கேட்கப்பட்டது. இரு முறையும் பழைய ஏற்பாடே நீடிக்கட்டும் என்பது முடிவாயிற்று. நாடாளுமன்றத்தில் 16 உறுப்பினர்கள், எட்டுத் தீவுத் தொகுதிகளுக்கும் இரண்டிரண்டு பேர். நியுலாகிட்டா நியுடாவோவின் தொகுதியில் அடங்கும். அரசியற் கட்சிகள் கிடையா. வேட்பாளர்கள் தனித்து நின்று, குடும்பத் தொடர்பாலும் தீவின் நன்மதிப்பாலும் வெல்கின்றனர். வென்றபின் தங்களுக்குள் வாக்களித்துப் பிரதமரைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஓரிரு உறுப்பினர் அணி மாறினாலே ஆட்சி கவிழும் என்பதால், நம்பிக்கையில்லாத் தீர்மானங்கள் அடிக்கடி வந்துள்ளன. 2024 ஜனவரித் தேர்தலுக்குப் பின் ஃபெலெட்டி டேயோ போட்டியின்றிப் பிரதமரானார். பெண்களுக்கு இந்த அவை இன்னும் எட்டாததாகவே இருப்பது வருத்தத்துக்குரியது. விடுதலைக்குப் பின்னான தேர்தல்களில் 2024 வரை மூன்று பெண்களே உறுப்பினராயினர்.

அன்றாட வாழ்வை நாடாளுமன்றத்தைவிட நெருக்கமாகத் தொடுவது ஃபாலேகாவுபுலே எனப்படும் தீவுப் பேரவையாகும். ஊர்ப் பெரியோரும் குடும்பத் தலைவர்களும் கூடி முடிவெடுக்கும் இப்பழைய அமைப்புக்கு 1997-ன் சட்டம் உள்ளாட்சி அதிகாரத்தை வழங்கி, அதன் முடிவுகளை நிறைவேற்ற காவுபுலே என்ற தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவை அமைத்தது. நிலவுரிமையும் இவ்வாறே கூட்டுத்தன்மை கொண்டது: காய்ட்டாசி என்னும் முறையில், ஒரு பாட்டனின் வழிவந்தோர் அனைவரும் நிலத்தைப் பிரிக்காமல் பொதுவாக வைத்து அனுபவிக்கின்றனர், வெளிநாடு சென்றவரின் பங்கும் அழிவதில்லை. கடலோடிகளும் மாணவர்களுமாக இளைஞர் பலர் எப்போதும் வெளியே இருக்கும் ஒரு நாட்டில், இம்முறை அவர்களை ஊரோடு கட்டி நிறுத்துகிறது.

மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இன்று ஃபுனாஃபுட்டியில், அதிலும் ஃபோங்காஃபாலே என்ற ஒடுங்கிய நிலத்துண்டில் நெருக்கியடித்து வாழ்கின்றனர். அதன் மிக அகன்ற இடமே சுமார் 400 மீட்டர்தான். இரண்டாம் உலகப்போரின்போது, 1942 அக்டோபரில் இறங்கிய அமெரிக்கப் படைகள் தென்னந்தோப்புகளையும் புலாக்காக் குழிகளையும் மூடி அங்கே விமான ஓடுதளம் அமைத்தன. அதற்காகப் பவளக்கல் தோண்டிய பள்ளங்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உப்புநீரும் குப்பையும் தேங்கிக் கிடந்து, நியூசிலாந்தின் உதவியோடு 2015-ல்தான் தூர்க்கப்பட்டன. ஃபிஜியிலிருந்து விமானம் வரும் நேரத்தில் அபாயச் சங்கு ஒலிக்க, ஓடுதளத்தில் இருப்போர் விலகுவர். மற்ற நேரங்களில் அதுவே ஊரின் திறந்தவெளி, மாலையில் இளைஞர்கள் பந்தாடும் இடம். வெளித்தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் தலைநகரிலும் தங்கள் தங்கள் தீவின் பெயரால் கூட்டமண்டபம் வைத்து, விருந்தும் ஃபாட்டேலே என்னும் கூட்டு ஆடலும் அங்கேயே நடத்துகின்றனர்.

நாட்டுக்குச் சொந்த நோட்டு கிடையாது. ஆஸ்திரேலிய டாலரே புழங்குகிறது, நாணயங்கள் மட்டும் துவாலுவின் பெயரில் அச்சாகின்றன. பணம் வழங்கும் தானியங்கி இயந்திரம் முதன்முதலாக நிறுவப்பட்டதே 2025-ல்தான். வருவாயில் முதலிடம் சூரை மீனுக்கு. சுருக்குமடி வலையோடு வரும் அயல்நாட்டுக் கப்பல்கள் துவாலுக் கடலில் மீன்பிடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். நவூரு உடன்படிக்கையைச் சேர்ந்த எட்டு நாடுகள் ஒன்றுகூடி இந்தக் கப்பல்நாள் முறையை நடைமுறைப்படுத்தியதால், தனித்தனியே பேரம்பேசி ஏமாந்த காலம் போயிற்று. இணைய முகவரிகளில் நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட டிவி என்ற ஈரெழுத்துக் குறி தொலைக்காட்சியையும் குறிப்பதால், அதன் குத்தகையும் நல்ல பணம் தருகிறது. 2000-ல் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராகும் செலவுக்கு அப்பணம் உதவிற்று. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவற்றின் கொடையோடு 1987-ல் தொடங்கிய துவாலு அறக்கட்டளை நிதி, முதலைத் தொடாமல் முதலீட்டின் ஆதாயத்தை மட்டும் அரசுக்கு வழங்குகிறது. கனிம வளம் ஏதுமற்ற நாடு காட்டிய இந்த நிதிச் சிக்கனம், பாஸ்பேட் செல்வத்தை ஒரே தலைமுறையில் கரைத்த நவூருவின் வரலாற்றோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

கடந்த முப்பது ஆண்டுகளில் இங்கே கடல்மட்டம் ஏறத்தாழ 15 செ.மீ. உயர்ந்துள்ளது. ஆண்டின் தொடக்க மாதங்களில் பேரலையேற்றம் வரும்போது, கரையைத் தாண்டாமலே நீர் தரையின் துளைகள் வழியாக ஊறி வீட்டு வாசல்களில் நிற்கிறது; உப்பு புகுந்த குழிகளில் புலாக்கா அழுகுகிறது. வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1971 முதல் 2014 வரையான காலத்தில் அலைகள் கொண்டுசேர்த்த மணலால் துவாலுவின் மொத்த நிலப்பரப்பு 2.9 விழுக்காடு கூடியிருப்பதாகக் காட்டியது. ஆபத்தே இல்லை என்று வாதிடுவோர் இதை எடுத்தாள்வதுண்டு. ஆனால் நிலம் பரப்பில் கூடுவது வேறு, அது உயர்ந்து நின்று நன்னீரைக் காப்பது வேறு. அரசு தன் பங்குக்கு, காயலின் அடிமணலை வாரி ஃபுனாஃபுட்டிக் கரையோரம் 7 ஹெக்டேருக்கும் மேற்பட்ட மேட்டுநிலத்தை உருவாக்கியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவோடு 2023 நவம்பரில் கையெழுத்தாகி, 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஃபாலேபிலி ஒன்றிய உடன்படிக்கை, ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் அங்கே சென்று வாழவும் படிக்கவும் வேலை செய்யவும் வழி திறந்தது. அவர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற் குலுக்கலுக்கே நாட்டு மக்களில் பெரும்பான்மையோர் பெயர் பதிந்தனர். பாதுகாப்புத் துறையில் வேறு நாடுகளோடு உடன்பாடு காணுமுன் ஆஸ்திரேலியாவின் இசைவு வேண்டும் என்ற விதி, இறையாண்மையை விட்டுக்கொடுப்பதாகும் என்று துவாலுவுக்குள்ளேயே கடும் எதிர்ப்பைக் கிளப்பிற்று. 1974-ல் பாஸ்பேட் பங்கையே துறந்த மக்களிடம் அவ்வெதிர்ப்பு எழாதிருந்தால்தான் வியப்பு. அதே உடன்படிக்கையில், கடல்மட்ட உயர்வால் எது நேரினும் துவாலு ஒரு நாடாகவே நீடிக்கும் என்பதை ஆஸ்திரேலியா ஒப்புக்கொண்டது. இக்கொள்கையைத் துவாலு நாடாளுமன்றம் 2023-ல் தன் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதி, நாட்டின் கடல் எல்லைகளும் நிலையானவை என்று சேர்த்தது. நடைமுறையிலுள்ள கடற்சட்டத்தின்படி எல்லைகள் கரையிலிருந்தே அளக்கப்படுகின்றன. கரை தேய்ந்தால் கடலுரிமையும் சூரை மீன் கட்டணமும் சேர்ந்தே போய்விடக்கூடும் என்பதால், நட்பு நாடுகளோடு செய்துகொள்ளும் அறிக்கைகளிலும் உடன்பாடுகளிலும் நாட்டின் நீடிப்பையும் கடல் எல்லைகளின் நிலைத்தன்மையையும் ஏற்றுக்கொள்ளும் வாசகத்தைச் சேர்க்கும்படி துவாலுவின் தூதர்கள் தொடர்ந்து வலியுறுத்தி வருகின்றனர்.