மேகத்தை அடுக்கியவர்

மேனார்ட் டிக்சன் எனக்கு முதலில் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கின் கணவராகத்தான் அறிமுகம். கவலை தோய்ந்த முகத்தோடு எங்கோ பார்க்கும் தாய், இருபுறமும் அவள் தோளில் முகம் புதைத்த பிள்ளைகள். 1936இல் லாங் எடுத்த அந்தப் புகைப்படத்தை அறியாதவர் குறைவு. அவரைப் பற்றிப் படிக்கையில் இடையில் ஒரு வரி: 1920இல் மணம், கணவர் இருபது வயது மூத்த ஓவியர், 1935இல் மணமுறிவு. அந்த ஒரு வரி மனிதரைத் தேடிப் போனதில் கிடைத்தது 'கிளவுட் வேர்ல்ட்' என்ற அவருடைய ஓவியம், 1925.

அச்சில் பார்த்ததற்கே அசந்துபோனேன். அடியில் ஒரு கீற்று நிலம். மிச்சமெல்லாம் வானம். அரிவாளால் சீவியதுபோல் அடிப்பக்கம் தட்டையான மேகங்கள், கிட்டத்தில் பெரிதாக, போகப்போகச் சிறுத்து, தொடுவானம்வரை வரிசை கட்டுகின்றன. டிக்சன் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ சமவெளியில் 1875இல் பிறந்தவர். தட்டை நிலமும் பெரிய வானமும் பழகிய கண். பதினாறு வயதில் தன் கோட்டோவியங்களை, கௌபாய்களை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் ரெமிங்டனுக்கு அனுப்பி, ஊக்கமூட்டும் பதிலும் பெற்றிருக்கிறார். ஓவியப் பள்ளியிலோ சில மாதங்கள்தான் தாங்கினார்.

1906 சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தோடு ஓவியக்கூடம் போயிற்று. நியூயார்க்கில் பத்திரிகைகளுக்கு கௌபாய் படம் போட்டுப் பிழைத்தார். அந்தப் பொய்யான அமெரிக்க மேற்கு கசந்து 1912இல் திரும்பிவிட்டார். அரிசோனா, யூட்டா, நெவாடா என்று அலைச்சல். ஓவியங்களில் கையெழுத்தோடு, பூர்வகுடிக் கதைகளில் வரும் இடிப்பறவையின் சின்னம். தொப்பியும் பூட்ஸுமாக நகரத்தில் உலாவியதில் கொஞ்சம் வேஷமும் உண்டு; இருக்கட்டும்.

மறுபடி லாங்கிடமே வருகிறேன். பொருளாதார மந்தத்தில் அவர் கேமராவோடு தெருவில் இறங்கியது 1933இல். மறு ஆண்டு டிக்சன் வரைந்தது 'ஃபர்காட்டன் மேன்'. நடைபாதை ஓரத்தில் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருவன். பின்னால் கடந்துபோகும் கால்கள். அவற்றுக்கு உரிய முகங்கள் சட்டத்துக்குள் இல்லை. முக்கால் பங்கு வானத்துக்கே கொடுத்தவர், இங்கே ஒரு துண்டு வானம்கூட வைக்கவில்லை. மனைவியின் கண் கணவரின் தூரிகைக்குள் புகுந்த இடம் இது என்றே எனக்குப் படுகிறது.

பிறகு ஓவியர் ஈடித் ஹாம்லினை மணந்து பாலைவனத்துக்கே திரும்பினார். குளிர்காலத்துக்கு அரிசோனாவின் டூசான், கோடைக்கு யூட்டாவின் மவுண்ட் கார்மல். நெடுநாள் மூச்சுத்திணறல் அங்கும் விடவில்லை; 1946இல் டூசானில் இறந்தார்.

மேகங்களுக்காகத்தான் அவரைக் கொண்டாடுகிறார்கள், அது நியாயமே. ஆனால் அவருடைய ஒரே ஓவியத்தைத்தான் பார்க்க வாய்க்குமென்றால், யூட்டாவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலுள்ள அந்தத் தலைகவிழ்ந்த மனிதனைப் பாருங்கள்.