இறக்குறதுக்கு ஏணி எங்கே?

2022 மே 10, ஊரடங்கு போட்டிருந்த நாள். காலையிலேயே போனில் ஒரே செய்தி சுற்றிக்கொண்டிருந்தது: "மஹிந்த எங்கட நேவி பேஸுக்கு வந்திட்டாராம்." முதலில் நாங்கள் நம்பவில்லை. முதல் நாள்தான் அவர் பிரதமர் பதவியை விட்டிருந்தார். கொழும்பில் அலரி மாளிகையைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். அவர் ஏன் திருகோணமலைக்கு வரவேண்டும்? ஆனால் கொஞ்ச நேரத்தில் கடற்படைத் தளத்துக்கு முன்னால் ஊர் ஆட்களும் கூடத் தொடங்கிவிட்டார்கள். மறுநாள் பாதுகாப்புச் செயலாளரே, ஆள் இங்கேதான் இருக்கிறார் என்று உறுதிப்படுத்தினார்.

அந்த மாதங்களில் எங்கள் நேரம் பெரும்பாலும் வரிசையில்தான் போனது. மண்ணெண்ணெய் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற மாமா ஒருவர் மீன்பிடிக்காரர். படகை இறக்கி மூன்று கிழமை என்று சொன்னார். பேச்சு அரசியலுக்குப் போனதும் அவர் ஒன்று கேட்டார்: "வோட்டுப் போட்டு ஏத்துறதுக்கு வழி வச்சிருக்கிறாங்க. இறக்குறதுக்கு ஏணி எங்க தம்பி?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் அரசியலமைப்பின் 38ஆவது உறுப்புரையை எடுத்துவைத்துச் சேர்ந்து வாசித்தோம்.

ஏணி இருக்கிறது. அதன் படிகளின் உயரம்தான் பிரச்சினை. ஜனாதிபதி அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறினார், தேசத்துரோகம் செய்தார், இலஞ்சம் வாங்கினார், பதவியின் அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்தார் என்றெல்லாம் குற்றம் சுமத்தி ஒரு உறுப்பினர் சபாநாயகருக்கு அறிவித்தல் கொடுக்கலாம். மனமோ உடலோ நிரந்தரமாக இயலாமல் போனாலும் கொடுக்கலாம். அதில் 225 பேரில் மூன்றிலிரண்டு, அதாவது 150 பேர் ஒப்பமிட வேண்டும். அல்லது பாதிப்பேர் ஒப்பமிட்டு, குற்றச்சாட்டு விசாரிக்கத்தக்கது என்று சபாநாயகர் திருப்திப்பட வேண்டும். அதற்குப் பிறகு பாராளுமன்றத்தில் 150 வாக்கு. பிறகு உயர் நீதிமன்ற விசாரணை. நீதிமன்றம் குற்றவாளி என்று அறிக்கை தந்தாலும், திரும்பவும் 150 வாக்கு.

1978இலிருந்து இன்றுவரை இந்த ஏணியில் ஒருவரும் கடைசிப் படிவரை போனதில்லை. கிட்டப் போனது 1991இல். பிரேமதாசவுக்கு எதிராக அவருடைய கட்சிக்குள்ளேயே லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் இரகசியமாக ஒப்பம் சேர்த்தார்கள். சபாநாயகர் எம்.எச். முஹம்மத் ஓகஸ்ட் மாதம் அறிவித்தலை ஏற்றுக்கொண்டார். அப்படி ஏற்ற பிறகு ஜனாதிபதி தன் இஷ்டத்துக்குப் பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது. ஆனால் கூட்டத்தொடரை ஒத்திவைக்கலாம். அதைத்தான் அவர் செய்தார். அந்த இடைவெளியில் சிலர் ஒப்பத்தை வாபஸ் வாங்கினார்கள். ஒக்டோபரில் சபாநாயகர், செல்லுபடியான ஒப்பங்கள் போதவில்லை என்று சொல்லிவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் கையிலேயே கதவின் சாவியும் இருந்தது.

இதோடு 2013ஐ வைத்துப் பாருங்கள். பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக 2012 நவம்பரில் 117 பேர் ஒப்பமிட்ட குற்றப்பிரேரணை போனது. விசாரித்தது பாராளுமன்றத் தெரிவுக்குழு. அதன் முடிவை மேன்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. அதைப் பொருட்படுத்தாமல் ஜனவரி 11ஆம் திகதி 155க்கு 49 என்று வாக்களித்து அனுப்பிவிட்டார்கள். ஒரு நீதியரசரை நீக்கப் பாதிக்கு மேல் வாக்கு இருந்தால் போதும். தீர்ப்புச் சொல்பவரை இறக்க இரண்டரை மாதம். ஆணை போடுபவரை இறக்க நாற்பது வருடத்திலும் முடியவில்லை.

மூன்றிலிரண்டு என்பது கிடைக்கவே கிடைக்காத ஒன்றும் இல்லை. 2010இல் ஒருவர் எத்தனை தரமும் ஜனாதிபதியாக நிற்கலாம் என்று ஆக்கிய 18ஆவது திருத்தத்துக்கு 161 வாக்கு கிடைத்தது. 2020இல் ஜனாதிபதியின் அதிகாரத்தைத் திரும்பக் கூட்டிய 20ஆவது திருத்தத்துக்கு 156. அதிகாரத்தைக் குறைத்த 19ஆவது திருத்தமும் 2015இல் மூன்றிலிரண்டோடுதான் நிறைவேறியது. ஆனால் அது ஆட்சி மாறிய பிறகு. கதிரையில் உறுதியாக இருக்கும் ஒருவரைக் கேள்வி கேட்கத்தான் அந்த 150 கைகளும் எழும்புவதில்லை.

2022 மே 17ஆம் திகதி இதை நேரடியாகவே பார்த்தோம். ஜனாதிபதி கோட்டாபய மீது அதிருப்தி தெரிவிக்கும் பிரேரணையை உடனே விவாதத்துக்கு எடுக்க, நிலையியற் கட்டளைகளை இடைநிறுத்துமாறு சுமந்திரன் கேட்டார். அது நிறைவேறினாலும் யாரும் பதவி இழக்கப்போவதில்லை, வெறும் பேச்சுத்தான். அதையும் 119க்கு 68 என்று தோற்கடித்தார்கள். பாராளுமன்றம் பேச மறுத்ததைத்தான் ஜூலை 9ஆம் திகதி சனம் கொழும்பில் மதில் ஏறிச் சொன்னது. ஜனாதிபதி கடல்வழியாக மாளிகையை விட்டுப் போனார். பிறகு மாலைதீவு, சிங்கப்பூர். இராஜினாமாக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது.

அன்று நாங்களும் சந்தோஷப்பட்டோம், மறைக்கவில்லை. ஆனால் இப்போது யோசித்தால் ஒன்று உறுத்துகிறது. அவர் போனார், குற்றச்சாட்டு வாசிக்கப்படவில்லை. "நீ என்ன செய்தாய், எப்போது தெரிந்தும் செய்தாய்" என்று பாராளுமன்றத்தில் எழுத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அவரும் பதில் சொல்லவில்லை. செப்டம்பரில் திரும்பி வந்துவிட்டார். 2023 நவம்பர் 14ஆம் திகதிதான் உயர் நீதிமன்றம், பொருளாதார நெருக்கடிக்குக் காரணமான முடிவுகளால் அவரும் இன்னும் சிலரும் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று 4க்கு 1 என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைப் போட்டது குடிமக்கள். 38ஆவது உறுப்புரை விசாரிக்கச் சொல்வதும் இதே நீதிமன்றத்தைத்தான். பாராளுமன்றம் நேரத்துக்கு அனுப்பியிருந்தால்?

சரி, அப்படியென்றால் படிகளை எல்லாம் குறைத்துவிடலாமா? எங்கள் கூட்டத்தில் ஒருத்தி உடனே மறித்தாள். "நாளைக்கு எங்கட சனத்தின்ட வோட்டால ஒருத்தர் வந்தா, அவரை 113 பேர் சேர்ந்து வீட்டுக்கு அனுப்பினா என்ன செய்வீங்க?" எங்கள் மாவட்டத்துக்கு 225இல் 4 ஆசனம்தான். ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் வாக்கு நாடு முழுக்க எண்ணப்படுகிறது. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2015இல் எங்கள் வீடுகளில் பெரும்பாலானோர் சிறிசேனவுக்குத்தான் போட்டார்கள். 2018 நவம்பர் 9ஆம் திகதி அவர் பாராளுமன்றத்தைக் கலைத்தார். அது அரசியலமைப்புக்கு முரண் என்று டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள். குற்றப்பிரேரணைக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் எது? ஆனால் நாங்கள், "விடுங்க, தேர்தலில பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிக்கொண்டு இருந்தோம். நாங்கள் கொண்டுவந்த ஆள் என்றபடியால் வாய் திறக்கவில்லை. கோட்டாபயவின் 119 பேரும் செய்தது அதைத்தான்.

அதனால் நாங்கள் வந்து சேர்ந்த முடிவு இது. இறக்குகிற படி உயரமாகவே இருக்கட்டும்: கடைசி வாக்கு 150. ஆனால் விசாரணைக்கு அனுப்புகிற படி தாழ வேண்டும். 113 பேர் வாக்களித்தால் விடயம் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அறிவித்தல் ஏற்கப்பட்ட பிறகு கூட்டத்தொடரை ஒத்திவைக்கிற அதிகாரமும் ஜனாதிபதிக்கு இருக்கக்கூடாது. நீதிமன்றத்துக்கு ஒரு காலக்கெடு வேண்டும். தென் கொரியாவில் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு 180 நாள் கொடுத்திருக்கிறார்கள். 2024 டிசம்பர் 3ஆம் திகதி இராணுவச் சட்டம் அறிவித்த யூன் சுக் யோலை அந்த மாதம் 14ஆம் திகதியே பாராளுமன்றம் 204 வாக்குகளால் குற்றஞ்சாட்டியது. அவருடைய சொந்தக் கட்சிக்காரர் சிலரும் அதற்கு வாக்களித்தார்கள். 2025 ஏப்ரல் 4ஆம் திகதி எட்டு நீதியரசர்களும் ஒருமனதாக நீக்கினார்கள்.

எப்போது கொண்டுவர வேண்டும்? விலை ஏறினதற்கோ ஆளைப் பிடிக்காததற்கோ இல்லை. அதற்குத் தேர்தல் இருக்கிறது. அரசியலமைப்பை மீறினதற்கும், தெரிந்துகொண்டே பொறுப்பைக் கைவிட்டதற்கும் கொண்டுவர வேண்டும். அந்த ஆளுக்கு நாங்கள் வாக்குப் போட்டிருந்தாலும்.

இன்று ஜனாதிபதியின் அணியிடமே 159 ஆசனங்கள் இருக்கின்றன. ஏணியைத் திருத்தத் தேவையான கைகள் அவர்களிடம் உண்டு. திருத்துவார்களா என்று கேட்க வேண்டியது நாங்கள்தான்.

அந்த மாமாவை போன மாதம் கரையில் கண்டோம். படகு ஓடுகிறது. வாசித்ததைச் சொன்னோம். "ஏணி இருக்கு மாமா, 150 பேர் பிடிக்கணும்." அவர் வலையை இழுத்துக்கொண்டே கேட்டார்: "எங்கட நாலு பேரும் பிடிப்பாங்களா? கேட்டுப் பார்த்தீங்களா?"

இன்னும் கேட்கவில்லை. நால்வருக்கும் எழுதவேண்டிய கடிதத்தை இந்தக் கிழமை தொடங்கியிருக்கிறோம்.